அமலராணிக்கு விழாத ஓட்டு

செம்பாக்கம்
24 பிப்ரவரி 2022

ஷர்மி,

நீ போனை எடுப்பதில்லை. உன் அண்ணன் அச்சுதன்தான் எடுக்கிறார். "அவ பேசற மூடுல இல்ல மாப்ளே, ரெண்டு நாள் போகட்டும்" என்கிறார். மூடு எனக்கும்தான் இல்லை. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை, அதனால் மெயிலில் எழுதுகிறேன். நீ பதில் போட்டால் என் போனில் இருக்கிற பெண் படித்துக் காட்டுவாள். செய்தியையும் வங்கிக் கணக்கையும் ஒரே குரலில் படிப்பவள் அவள். உன் கோபத்தையும் அப்படித்தான் படிப்பாள், பரவாயில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடந்ததை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீ அடுப்படியில்தான் இருந்தாய். ஆனாலும் சொல்கிறேன். எனக்கு இன்னும் அது உள்ளே இறங்கவில்லை.

அமலராணி ஜெயிப்பாள் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. தெருக்கோடியில் தையல் கடை வைத்திருக்கிற பெண், மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் வருகிறதே என்ற கோபத்தில் கவுன்சிலருக்கு நின்றாள். சுயேச்சை, குழாய் சின்னம். ஆட்டோவில் ஓட்டுக் கேட்கப் பதிவு செய்த குரல் என்னுடையது. வங்கியில் பக்கத்து சீட்டுக்காரர்கூட "சார், உங்க வாய்ஸ்தானே கேம்ப் ரோடு வரைக்கும் கேக்குது" என்று சிரித்தார். தோற்பாள் என்று தெரியும். எத்தனை பேர் போட்டார்கள் என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை.

ஓட்டு எண்ணிய இடத்திலிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்தாள். சாவடி வாரியாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அவள் தெருச் சாவடியில் கொஞ்சம், பள்ளிக்கூடத்துப் பக்கம் கொஞ்சம். நம் சாவடி வந்ததும் நிறுத்திவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உங்க வூட்டு வோட்டாவது கீதான்னு பாத்தேண்ணா. ஒண்ணும் இல்ல. சைபர்."

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. எண்ணத் தெரியாதவர்கள் எண்ணியிருப்பார்கள் என்றேன். அப்புறம்தான் உன் கரண்டிச் சத்தம் நின்றுபோனது காதில் விழுந்தது. "ஷர்மி, நீ குழாயைத்தானே அழுத்தினே?" என்றேன். நீ அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

சாவடியில் என்ன நடந்தது என்பதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். அந்த அதிகாரி நல்ல மனிதர். "பிரெய்ல் தாள் இருக்கு சார், நீங்களே தொட்டுப் பாத்துப் போடலாம்" என்றார். நான்தான் பெரிய மனுஷன் மாதிரி, "எதுக்கு சார், என் வீட்டுக்காரி கண் போதும்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சொல்கிறபடி அழுத்துவதாகவும், வெளியே சொல்லாமல் இருப்பதாகவும் நீ கையெழுத்துப் போட்டாய். உன் ஓட்டுக்கு இடது விரலில் மை, என் ஓட்டுக்கு வலது விரலில் மை. உன் காதோரம் "குழாய்" என்றேன். மிஷின் கூவியது. அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? டீக்கடையில் நின்று எல்லோரிடமும் சொன்னேன், நம்ம வீட்டு ரெண்டு ஓட்டு அமலராணிக்கு என்று.

யாருக்குப் போட்டாய் ஷர்மி? ஏன்?

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக நீ சொல்லித்தான் எனக்கு இந்த ஊர் தெரியும். ஏரியில் ஆகாயத்தாமரை பூத்திருக்கிறது என்றாய், ஊதா நிறம் என்றாய். எதிர்வீட்டுக்காரர் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார் என்றாய். இன்று காலை ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். இது நீலம் என்று நீ சொல்லியிருக்கிறாய். நீலம்தானா?

பாலகுரு


கோவிலம்பாக்கம்
27 பிப்ரவரி 2022

உங்களுக்கு,

கேட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். துளசிங்கத்துக்குப் போட்டேன். ஜெயித்த ஆளுக்கு. உங்கள் ஓட்டு வீணாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்றால் நம் வீட்டு ஓனர் சத்யநாராயணன் சார் கேட்டார். தேர்தலுக்கு முந்தின வாரம் மாடியில் துணி காயப்போடப் போனபோது நிறுத்தி வைத்துச் சொன்னார். துளசிங்கம் அவருக்குத் தூரத்து உறவாம். "ரெண்டு ஓட்டையும் மறந்துடாதம்மா" என்றார். தெருவெல்லாம் ஆட்டோவில் உங்கள் குரல் அமலராணிக்குக் கத்திக்கொண்டு போகிறது. அவருக்கு அது கேட்காதா? நம் சாவடியில் குழாய்க்கு இரண்டு ஓட்டு விழுந்தால் அது யார் வீட்டு ஓட்டு என்று கண்டுபிடிக்க என்ன கஷ்டம்?

இந்த வீடு கிடைக்க நாம் பட்ட பாடு உங்களுக்குப் பாதிதான் தெரியும். சேலையூரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உங்களை நிற்க வைத்துவிட்டு நான் உள்ளே போவேன். "அவருக்குக் கண் தெரியாதா? அடுப்பு, கிடுப்பு எல்லாம் இருக்கே, பயமா இருக்கும்மா" என்பார்கள். வெளியே வந்து உங்களிடம் வாடகை ஜாஸ்தி என்பேன். அப்படி எத்தனை வீடு. இந்த ஒரு மனிதர்தான் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். அவர் கேட்டதைச் செய்தேன். அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஓட்டு போய்விட்டது என்று இவ்வளவு பதறுகிறீர்களே, என் ஓட்டைப் பற்றி எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் சாவடிக்குப் போகிற வழியில் நீங்கள் சொல்வீர்கள், இந்தத் தடவை இவருக்கு என்று. எம்.பி. தேர்தலுக்கும் அப்படித்தான், எம்.எல்.ஏ. தேர்தலுக்கும் அப்படித்தான். "நம்ம ரெண்டு ஓட்டு" என்பீர்கள். இரண்டு விரலிலும் மை வாங்கிக்கொண்டு வந்தவள் நான். இரண்டுமே உங்கள் ஓட்டு. டிவியில் விவாதம் பார்த்து விடிய விடிய அரசியல் பேசுகிற மனிதருக்கு, பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறவளுக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

அமலராணியை உட்கார வைத்துக்கொண்டு அவள் எதிரில் என்னைக் கேட்டீர்களே, கோர்ட்டில் கேட்பது மாதிரி. அவள் போனபிறகு கேட்டிருக்கலாம்.

மாவு புளித்திருக்கும், கொட்டிவிடுங்கள். சட்டை நீலம்தான்.

ஷர்மிளா


செம்பாக்கம்
3 மார்ச் 2022

ஷர்மிளா,

உன் கடிதத்தைப் போன்காரி படித்து முடித்ததும் நான் நேராக மாடிப்படி ஏறிப் போய் சத்யநாராயணன் சார் வீட்டுக் கதவைத் தட்டினேன். வீட்டைக் காலி செய்கிறேன் என்றேன். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு ஓட்டையும் சேர்த்துக் கேட்கிற இடத்தில் என்னால் இருக்க முடியாது என்றேன். அந்த மனிதர் என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"துளசிங்கமா? அந்தாள் மூஞ்சில முழிக்கறதையே நான் விட்டுட்டேன் சார். என் காம்பவுண்ட் சுவரை ஒட்டிக் கால்வாயை மூடினவன் அவன்தான். நான் ஓட்டே அவனை எதிர்த்து நின்ன விஷ்ணுப்ரியாவுக்குத்தான் போட்டேன்" என்றார்.

உறவும் இல்லை, ஒன்றும் இல்லை. உன்னிடம் எதுவும் கேட்கவில்லையாம். மாடியில் நிறுத்திக் கேட்டீர்களாமே என்றேன். அதற்கு அவர், "உங்க மிசஸ் மாடிக்கு வந்தே நாளாச்சே சார், தீபாவளிக்கு முன்னாலயே துணியெல்லாம் கீழ பால்கனியில காயப்போட ஆரம்பிச்சுட்டாங்களே" என்றார். அவர் வீட்டு அம்மாள் காபி கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்தேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. நல்ல மனிதரைப் போய் அவர் வீட்டிலேயே திட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

எனக்கு இப்போது தலையே சுற்றுகிறது. என் ஓட்டை மாற்றிப் போட்டாய், அது ஒரு அடி. காரணம் சொன்னாய், கேவலமான காரணம், ஆனாலும் ஒரு காரணம். இப்போது அந்தக் காரணமும் பொய். மாடி, துணி, தூரத்து உறவு என்று பார்த்துப் பார்த்துக் கட்டின பொய். யாருமே மிரட்டாமல், யாருமே கேட்காமல் ஒருத்தி ஏன் புருஷன் ஓட்டை வேறு ஆளுக்குப் போடுவாள்? செய்யாத தப்பை ஏன் சத்யநாராயணன் சார் தலையில் ஏற்றுவாள்?

அமலராணியை வழியில் பார்த்தேன், அதாவது அவள் என்னைப் பார்த்தாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளாகவே சொன்னாள். ஓட்டுப் போட நாம் போனபோது அவள் சாவடிக்கு வெளியே நூறு மீட்டர் கோட்டுக்கு அப்பால் நின்றிருந்தாளாம். கையைத் தூக்கிச் சிரித்தாளாம். "அக்கா என்னியே பாத்துகினு போனாங்கண்ணா, ஒரு சிரிப்பு இல்ல. அப்பவே எனக்கு இன்னாவோ மாரி ஆயிடுச்சி" என்றாள்.

ஆக நீ முன்னாலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறாய். அவள் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்க முடியாத அளவுக்கு அவள் உனக்கு என்ன செய்தாள்? நான் அவளோடு அரசியல் பேசுவது பிடிக்கவில்லையா? அவள் நோட்டீசை டைப் செய்து கொடு என்று கேட்டபோது தலைவலி என்று சொல்லித் தட்டிக் கழித்தாயே, அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஊர் முழுக்கக் கல்யாணப் பத்திரிகையும் மஞ்சள் நீராட்டும் டைப் செய்த டி.டி.பி. ஆபரேட்டருக்கு, ஒரு பக்க நோட்டீஸ் பாரமாகிவிட்டது.

உன் ஓட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அது உண்மை. ஆனால் உன் ஓட்டை நான் பறித்தேன் என்பதற்காக நீ என் ஓட்டைத் திருடினாய் என்றால் அதை நேராகச் சொல். நான் தாங்கிக்கொள்வேன். பொய்யைத் தாங்க முடியவில்லை. நான் கையை நீட்டினால் நீ பிடித்துக்கொண்டு போகிற இடத்துக்கு வருகிறவன். என்னிடம் நீ செய்தது துரோகம், ஷர்மிளா. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

பாலகுரு


கோவிலம்பாக்கம்
6 மார்ச் 2022

உங்களுக்கு,

சத்யநாராயணன் சாரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவரிடம் போய்க் கேட்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்களை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

துரோகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும். அமலராணி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவளிடம் அதை மட்டும் சொல்லுங்கள்.

நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணிக்கு நான் கீரை ஆய்ந்து கொடுக்கிறேன், துணி மடிக்கிறேன், பொழுது போகிறது. நீங்கள் உங்கள் ஆபீஸ் பிரசன்னாவைக் காலையும் மாலையும் கூட வரச் சொல்லுங்கள். நல்ல பையன், மாட்டேன் என்று சொல்ல மாட்டான். வீட்டு வேலைக்கு ஒரு அம்மாவை வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் உங்கள் பக்கத்தில் நிற்பதற்கு நான் சரியான ஆள் இல்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. நிஜமாகவே நான் சரியான ஆள் இல்லை.

ராத்திரி படுக்கும்போது கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். மறந்துபோவீர்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ஷர்மிளா


செம்பாக்கம்
10 மார்ச் 2022

ஷர்மி,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியாத காரியம் ஒன்று நடந்துவிட்டது.

இன்று காலை டீ போட்டேன். எனக்குத் தெரிந்த விதத்தில்தான் போட்டேன். டம்ளரின் விளிம்பில் ஆள்காட்டி விரலை உள்ளே வளைத்து வைத்துக்கொண்டு ஊற்ற வேண்டும். சூடு விரலில் பட்டால் டம்ளர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். பள்ளி விடுதியில் சின்ன வயதில் கற்றுக் கொடுத்தது. கை பழகுகிற வரைக்கும் விரல் வெந்துகொண்டே இருக்கும், மருந்து போட்டுக்கொண்டே இருப்போம். இன்று வெகு நாள் கழித்து ஊற்றியதால் சுட்டுக்கொண்டேன். அலமாரியில் தேடி மருந்தை எடுத்தேன். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது.

அது உன் கை வாசனை ஷர்மி. தீபாவளியிலிருந்து உன் கையில் அந்த வாசனைதான் அடிக்கிறது. வலது ஆள்காட்டி விரலில். கேட்டால் எண்ணெய் தெறித்தது என்பாய்.

கண் தெரிந்த யாரும் டம்ளருக்குள் விரலை விட்டு ஊற்ற மாட்டார்கள்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீ அணைந்து, கேஸ் வாசனை வருகிற வரைக்கும் நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்து என் மேல் விழுந்தது. நீ மாடிக்குப் போவதை விட்டது. படி தெரியவில்லை உனக்கு. காலையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் எனக்குப் படித்துக் காட்டுகிறவள், தலைப்பு மட்டும் படிக்க ஆரம்பித்தது, அப்புறம் "இன்னைக்கு ஒண்ணுமே இல்லைங்க" என்று மடித்து வைத்தது. நாட்டில் ஒன்றுமே நடக்காத நாள் எது? கடை முதலாளி ஆள் குறைக்கிறார் என்று டி.டி.பி. வேலையை விட்டாயே, அவரா குறைத்தார்? சுவிட்சைப் போடும் முன் உன் உள்ளங்கை சுவரில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. எனக்கு ரொம்பப் பழக்கமான சத்தம் என்பதால் அது யாருடைய சத்தம் என்று யோசிக்கவே இல்லை. அமலராணி கையைத் தூக்கிச் சிரித்தது உன் கண்ணில் படவே இல்லை.

சாவடியில் குழாய் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் உன் கண்ணை அடகு வைத்துவிட்டு நான் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

எவ்வளவு தெரிகிறது? எத்தனை நாளாக? டாக்டரிடம் போனாயா, என்ன சொன்னார்? இதற்கெல்லாம் பதில் எழுது.

அதோடு இதற்கும் எழுது. துளசிங்கத்துக்குப் போட்டேன் என்று பொய் சொன்னாய். துரோகி என்றேன், அதையும் வாங்கிக்கொண்டாய். கண் தெரியவில்லை என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அதைவிட இது மேல் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. பன்னிரண்டு வருஷம் என்னோடு சாப்பிட்டுத் தூங்கி எழுந்தவளுக்கு, என்னைப் போல ஆகிவிடுவது அவ்வளவு கேவலமாக இருக்கிறதா? எனக்கு அதிர்ச்சியில் அழுகைகூட வரவில்லை. கோபம்தான் வருகிறது.

பாலா


கோவிலம்பாக்கம்
12 மார்ச் 2022

பாலா,

டைப் அடிப்பது எனக்குக் கஷ்டம் இல்லை, விசைப்பலகையைப் பார்க்காமல் அடிப்பதுதான் என் தொழில். உங்கள் கடிதத்தைப் படிப்பதுதான் முடியாது. நான் இங்கே வந்த அன்றே என் போனிலும் அந்தப் பெண்ணைப் பேச வைத்துவிட்டேன். உங்கள் கடிதம் எல்லாவற்றையும் எனக்குப் படித்தவள் அவள்தான். துரோகம் என்பதையும் அவள்தான் படித்தாள். நீங்கள் சொன்னது சரி, எல்லாவற்றுக்கும் ஒரே குரல்.

ஆயுத பூஜை சமயத்தில் ஆரம்பித்தது. திரையில் எழுத்து தண்ணீருக்குள் இருப்பது மாதிரி நெளிந்தது. கண்ணாடி பவர் மாறிவிட்டது என்று போய்க் காட்டினேன். சர்க்கரை, கண்ணின் பின்னால் ரத்தக் குழாய் கசிகிறது என்றார்கள். இரண்டு கண்ணுக்குள்ளும் ஊசி போட வேண்டும், தள்ளிப்போடாதே என்றார் அந்த டாக்டர் அம்மா. கண்ணுக்குள் ஊசி என்றதும் எழுந்து வந்துவிட்டேன். சாப்பாட்டைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆகவில்லை. இப்போது இடது கண்ணில் நடுவில் ஒரு கறுப்பு அப்பிக்கொண்டிருக்கிறது. வலது கண்ணில் ஓரங்கள் தெரியும், நடுவில் புகை. உங்களை நேராகப் பார்த்தால் காது இரண்டும் தெரிகிறது, முகம் தெரியவில்லை.

சாவடிக்குப் போகும்போது நான் பயப்படவில்லை. வெளியே ஒட்டியிருந்த பட்டியலைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, குழாய் மேலிருந்து எத்தனையாவது என்று மனதில் வாங்கிக்கொண்டேன். உள்ளே அந்த அட்டை மறைப்புக்குள் இருட்டு. முகக்கவசத்தில் மூச்சு ஏறிக் கண்ணாடி முழுக்க ஆவி. கையில் உறை வேறு. சின்னமெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. விரலால் மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்தேன். நடுவில் உங்கள் மூச்சு என் காதில் பட்டது, "குழாய்" என்றீர்கள், எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடி எண்ண ஆரம்பித்தேன். "சீக்கிரம்மா, லைன் நிக்குது" என்று வெளியே யாரோ குரல் கொடுத்தார்கள். அழுத்திவிட்டேன். மிஷின் கூவியதும் நீங்கள் என் தோளைத் தட்டினீர்கள்.

அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வேன்? என் வீட்டுக்காரி கண் போதும் என்று அப்போதுதான் சொல்லியிருந்தீர்கள். கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

யாருக்கு விழுந்தது என்று எனக்குத் தெரியாது. துளசிங்கமாகவும் இருக்கலாம், யாராகவும் இருக்கலாம். சரியாகத்தான் அழுத்தினேன் என்று அன்றைக்கு நம்பினேன். அமலராணி சைபர் என்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. கரண்டி கையிலேயே நின்றுபோயிற்று.

என் ஓட்டும் அப்படித்தான் போனது. அது குழாய்க்கு இல்லை. இந்தத் தடவை நான் விஷ்ணுப்ரியாவுக்குப் போட நினைத்தேன். எல்லா வேட்பாளரும் வாசலில் வந்து "சார் இருக்காரா" என்றார்கள். அவள் ஒருத்திதான் "ஷர்மிளா அக்கா, உங்க ஓட்டைக் கேக்கத்தான் வந்தேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகப் போட நினைத்தேன். அதுவும் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு ஓட்டுப் போட்டேன், அது யாருக்கு என்று எனக்கே தெரியவில்லை.

கேவலமா என்று கேட்டீர்கள். கொஞ்சம் இருந்தது. இனி உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். தெருவில் தடவித் தடவிப் போகிறவளை எல்லோரும் பார்ப்பார்களே என்று இருந்தது. ஆனால் அதற்காக மறைக்கவில்லை. நீங்கள் பிறந்ததிலிருந்து அப்படி. எதையும் தொலைத்தவர் இல்லை. நான் தினமும் காலையில் எழுந்ததும் நேற்றுத் தெரிந்தது இன்று தெரிகிறதா என்று பார்க்கிறேன். இரண்டும் ஒன்று என்று சொல்லாதீர்கள். எனக்குப் பயம். அதோடு, நான் துரோகி என்றால் நீங்கள் கோபப்படுவீர்கள், சண்டை போடுவீர்கள், தெம்பாக இருப்பீர்கள். நம் வீட்டில் இருந்த ஒரு ஜோடிக் கண்ணும் போகிறது என்று தெரிந்தால் என்ன ஆவீர்கள்? அதை என்னால் பார்க்க முடியாது. பார்க்க முடியாது என்பதை நான் எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

அண்ணனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

ஷர்மி


செம்பாக்கம்
13 மார்ச் 2022

ஷர்மி,

நீ சொன்னது சரி. தொலைப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்று என்று இனி சொல்ல மாட்டேன். என்ன ஆவேன் என்று கேட்டிருக்கிறாய். நேற்று உன் கடிதத்தைக் கேட்டபின் நானும் பயந்துதான் போனேன். தரையில் உட்கார்ந்து அழுதேன். எழுந்து முகம் கழுவிக்கொண்டு சத்யநாராயணன் சார் வீட்டுக்குப் போனேன். அவர் மருமகன் வேலை செய்கிற கண் ஆஸ்பத்திரியில் நாளைக்கே பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு நாள் தள்ளிப்போட்டதால் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம், கொஞ்சம் திரும்பவும் கூடும், பார்க்காமல் சொல்ல முடியாது என்றார் அந்த மருமகன் போனில். நான் உனக்கு நம்பிக்கை கொடுக்க எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

நீ இங்கிருந்து போய் இத்தனை நாளாகிவிட்டது. நான் துரோகம், திருட்டு என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தபோது உன் கண் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு என்னைத் தாங்க முடியவில்லை.

அமலராணியிடம் உன் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை, அதைச் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். அக்கா வேண்டுமென்று செய்யவில்லை, தவறிப்போயிற்று என்று மட்டும் சொன்னேன். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. "வுடுண்ணா. மொதல்ல அக்காவ வூட்டுக்கு இட்டுனு வா" என்றாள்.

நாளைக் காலை வருகிறேன். பிரசன்னா வேண்டாம், நான் தனியாக வருவேன். மேடவாக்கம் கூட்ரோட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்க எனக்குத் தெரியும். அண்ணனிடம் இன்றைக்கே சொல்லிவிடு, அவர் வாயிலிருந்து ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியை நான் வந்தபின் இரண்டு பேருமாகச் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. ஊசி போடும்போது உள்ளே விடுவார்களா தெரியாது. விடாவிட்டால் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே இருப்பேன். உனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் பேசுவேன். வங்கியில் என் குரலைப் பற்றி எல்லோரும் குறை சொல்வார்கள், உனக்குத் தெரியும்.

அடுத்த தேர்தலுக்கு நான் உன்னைக் கூப்பிடப் போவதில்லை. பிரெய்ல் தாளை வாங்கி நானே தொட்டுப் பார்த்துப் போடுவேன், தப்பானால் அது என் தப்பு. உனக்குக் கண் திரும்பினால் நீயே பார்த்துப் போடு. திரும்பாவிட்டால் எண்ணைத் தொட்டுப் படிக்கச் சொல்லித் தருகிறேன், பத்து எண்தான். எப்படியானாலும் அட்டை மறைப்புக்குள் நீ தனியாகப் போ. யாருக்குப் போட்டாய் என்று என்னிடம் சொல்லாதே. வெளியே வந்ததும் நான் கேட்பேன், என்னால் கேட்காமல் இருக்க முடியாது. அப்போதும் சொல்லாதே.

பாலா